பழைய நெகட்டிவ்களுக்கு ஏற்ற ஸ்கேனர்: கைக்கு அடங்கும் செலவில் வாங்குவது எப்படி?

நம் வீடுகள் பலவற்றில் அலமாரியின் மேல் தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதைத் திறந்தால் புகைப்பட நெகட்டிவ்கள் சுருண்டு கிடக்கும். படங்கள் ஆல்பத்தில் இருக்கும்போது நெகட்டிவ் எதற்கு என்று எண்ணி நாம் அதைத் தொடுவதில்லை. ஆல்பத்திலுள்ள படம் அழிந்த பிறகுதான் அந்த டின்னின் அருமை தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

என் தந்தையார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். 1960ஆம் ஆண்டுகளில் யாஷிகா கேமரா ஒன்றை வாங்கி, ஓய்வு நாட்களில் படம் எடுப்பார். 1966ஆம் ஆண்டு என் தங்கை பிறந்தபோது, என் தாயாரின் தாயார், எங்கள் அம்மாயி, நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்து மூன்று மாதம் எங்களுடன் தங்கினார். ஊர் திரும்பியவரை என் தாயார் மீண்டும் காணவே இல்லை. அம்மாயி இங்கிருந்தபோது என் தந்தையார் எடுத்த ஒரே ஒரு படம் எங்களிடம் இருந்தது. 1980ஆம் ஆண்டுகளில் பிரபலமாக இருந்த, ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் அதை வைத்திருந்தோம். நம் நாட்டு ஈரக்காற்றில் அந்தப் பசை படத்தைப் பிடித்துக்கொண்டது. பிரித்தெடுக்க முயன்றபோது முகம் இருந்த பகுதி தாளோடு கிழிந்து போயிற்று.

கடந்த ஆண்டு, 88 வயதான என் தாயார் என்னை அழைத்து, "தம்பி, அப்பா அந்தப் பிலிமையெல்லாம் டின்னுல போட்டு வச்சிருந்தாரே, அதுல அம்மாயி இருப்பாங்களா, பாரேன். என் கண்ணு நல்லா இருக்கறப்பவே ஒரு தடவை பாத்துக்கிறேன்" என்றார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. ஆகவே இந்த வேலையை நாளை, மறுநாள் என்று தள்ளிப்போட முடியவில்லை. அவ்வாறு தொடங்கிய முயற்சியில் நான் செய்த தவற்றையும், கற்றுக்கொண்ட பாடத்தையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் செய்த தவறு

அவசரத்தில், டின்னைச் சரியாகப் பார்க்காமலேயே கடைக்கு ஓடினேன். கையடக்கமான பெட்டி போன்ற ஒரு கருவியைக் காட்டினார்கள். பிலிமை ஒரு பக்கம் செருகினால், உள்ளே இருக்கும் சிறு கேமரா அதைப் படம் பிடித்து, சிறு திரையில் காட்டி, மெமரி கார்டில் சேமித்துவிடும். கணினி தேவையில்லை. ஒரு படத்திற்குச் சில விநாடிகள்தான். 180 வெள்ளி கொடுத்து வாங்கி வந்தேன்.

வீட்டில் டின்னைத் திறந்த பிறகுதான் உண்மை விளங்கியது. அந்தப் பெட்டியின் வாய் 35 மில்லிமீட்டர் பிலிமையும் அதற்கும் சிறியவற்றையும் மட்டுமே ஏற்கும். அம்மாயியின் படமோ என் தந்தையார் யாஷிகாவில் பயன்படுத்திய 120 வகைப் பிலிமில் இருந்தது. அதன் அகலம் சுமார் 6 சென்டிமீட்டர். எந்தப் படத்திற்காகக் கருவியை வாங்கினேனோ அந்தப் படம் அதற்குள் நுழையவே இல்லை. கருவியின் மீது குற்றம் இல்லை. நெகட்டிவைப் பாராமல் கருவியை வாங்கிய என் மீதுதான் குற்றம்.

பிறகு, பழைய கேமராக்கள் விற்கும் கடைகள் பல உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குச் சென்றேன். அங்கே ஒரு கடையில் இருந்த சீன இளைஞர் நான் பேசத் தொடங்கியதுமே, "அங்கிள், உங்களிடம் இருப்பது எந்த அளவு பிலிம்? எவ்வளவு பெரிய படம் போடப் போகிறீர்கள்?" என்று கேட்டார். ஸ்கேனர் வாங்குவோர் எல்லாரும் முதலில் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் அவை இரண்டுமே ஆகும்.

முதல் கேள்வி: எந்த அளவு பிலிம்?

டின்னில் உள்ளவற்றை ஒரு சுத்தமான வெள்ளைத் தாளின் மேல் வைத்து, அளவு வாரியாகப் பிரியுங்கள். இரு ஓரங்களிலும் துளை வரிசை கொண்டது 35 மில்லிமீட்டர் பிலிம். அதில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மில்லிமீட்டர். துளை இல்லாமல் அகலமாக இருப்பது பெரும்பாலும் 120 வகை. அதில் எடுத்த சதுரப் படம் பக்கத்திற்கு ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் இருக்கும். அட்டை அல்லது பிளாஸ்டிக் சட்டத்துக்குள் நேரான நிறத்தோடு காணப்படுபவை ஸ்லைடுகள்.

அடுத்து, கறுப்பு வெள்ளை எது, வண்ணம் எது என்று பிரியுங்கள். வண்ண நெகட்டிவ் முழுவதும் ஆரஞ்சு நிறச் சாயல் படர்ந்திருக்கும். அது பழுது அன்று; அச்சில் நிறங்கள் சரியாக வருவதற்காகத் தயாரிப்பாளர்களே அமைத்தது. ஸ்கேனரின் மென்பொருள் அதை நீக்கி நிறத்தைத் திருப்பித் தரும்.

பிரிக்கும்போது முகர்ந்தும் பாருங்கள். சில பிலிம்களில் வினிகர் வாடை வீசும். பழைய பிலிம்களின் அடித்தாளான அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுவதே அந்த வாடைக்குக் காரணம். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். வெளியான அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். அருகிலுள்ள பிலிம்களையும் தாக்கும். இறுக மூடிய டின் அதற்கு மேலும் உதவி செய்கிறது. வாடை வீசுவனவற்றைத் தனியே எடுத்து வைத்து, அவற்றையே முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும்.

என் டின்னில் இருந்தவை: 120 வகைக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் 64; 35 மில்லிமீட்டர் வண்ண நெகட்டிவ்கள் சுமார் 300; ஸ்லைடுகள் 11. இந்தக் கணக்கே எனக்கு எந்த ஸ்கேனர் வேண்டும் என்று பாதி சொல்லிவிட்டது.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு பெரிய படம்?

ஸ்கேனர் பெட்டியின் மேல் 6400 டி.பி.ஐ., 7200 டி.பி.ஐ. என்று பெரிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஓர் அங்குல நீளத்தை எத்தனை புள்ளிகளாகப் பிரித்துப் படிக்கிறது என்பதே டி.பி.ஐ. ஆகும். எண் பெரிதானால் படமும் நன்றாக வரும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நமக்கு எவ்வளவு தேவை என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும்.

நல்ல அச்சுப் படத்திற்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும். 5ஆர் படம் 5க்கு 7 அங்குலம். அதற்கு 1500க்கு 2100 புள்ளிகள் வேண்டும். 35 மில்லிமீட்டர் நெகட்டிவின் குறுகிய பக்கம் ஓர் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. ஆகவே உண்மையாகவே 1600 டி.பி.ஐ. தரும் கருவி 5ஆர் படத்திற்குப் போதுமானது. அதே படத்தை 8க்கு 10 அங்குலமான 8ஆர் அளவில் போட, முழுத் தெளிவு வேண்டுமானால் சுமார் 2550 டி.பி.ஐ. தேவை.

120 வகைச் சதுர நெகட்டிவின் பக்கமோ 2.2 அங்குலம். அதே 1600 டி.பி.ஐ.யில் 3500 புள்ளிகள் கிடைத்துவிடும். சுமார் 11 அங்குலச் சதுரப் படம் தாராளமாகப் போடலாம். நெகட்டிவ் பெரிதாக இருந்தால் எளிய ஸ்கேனரே போதும். நெகட்டிவ் சிறிதாக இருந்தால்தான் கூர்மையான ஸ்கேனர் வேண்டும். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் வீண் செலவு பாதியாகக் குறையும்.

"உண்மையாகவே" என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. பெட்டியில் உள்ள எண், கருவியின் மோட்டாரும் உணர்வியும் எத்தனை முறை புள்ளி எடுக்கின்றன என்பதைச் சொல்கிறது. லென்ஸ் அத்தனை நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுமா என்பது வேறு. 6400 என்று எழுதப்பட்ட சில படுக்கை ஸ்கேனர்கள் சோதனைகளில் 1500 முதல் 1600 வரையே உண்மையில் பிரித்துக் காட்டுகின்றன. ஆகவே அவற்றை 6400இல் ஓட்டுவதால் கோப்பு பெருக்குமே தவிர, படம் கூர்மையாகாது. 2400இல் வைத்தாலே இருப்பதெல்லாம் வந்துவிடும்.

எந்த வகை யாருக்கு ஏற்றது?

முதலாவது, நான் முதலில் வாங்கியது போன்ற சிறு பெட்டி. 2020ஆம் ஆண்டு வெளிவந்த கோடாக் ஸ்லைட் என் ஸ்கேன் இவ்வகையைச் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான 35 மில்லிமீட்டர் படங்களை விரைவாகப் பார்த்து, உறவினர்க்குத் தொலைபேசியில் அனுப்ப ஏற்றது. 4ஆர் அச்சுக்கும் பாதகமில்லை. ஆனால் படத்தின் ஓரங்களைச் சற்று வெட்டிவிடும். சுருக்கிய ஜேபெக் கோப்பாகவே சேமிக்கும். பிறகு வெளிச்சமும் நிறமும் திருத்த அதிக இடம் இராது.

இரண்டாவது, பிலிம் ஸ்கேன் செய்யும் வசதி உள்ள படுக்கை ஸ்கேனர். இங்கே ஓர் எச்சரிக்கை. அலுவலகங்களில் நகல் எடுக்கும் சாதாரண ஸ்கேனரால் நெகட்டிவை ஸ்கேன் செய்ய முடியாது. தாளின் மேல் ஒளி பட்டுத் திரும்புவதை அது படிக்கிறது. நெகட்டிவுக்கோ ஒளி ஊடுருவிச் செல்ல வேண்டும். அதற்கு மூடியிலும் ஒரு விளக்கு இருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு வெளிவந்த எப்சன் பெர்பெக்‌ஷன் வி600, 2013இல் வந்த கேனன் கேனோஸ்கேன் 9000எஃப் மார்க் 2 ஆகியவை இவ்வகையில் பலர் அறிந்தவை. இரண்டுமே 35 மில்லிமீட்டர் பிலிமையும் 120 வகையையும் ஏற்கும். தாள் படங்களையும், பழைய கடிதங்களையும், பிறப்புப் பத்திரங்களையும்கூட ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

மூன்றாவது, பிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர். பிளஸ்டெக் ஆப்டிக்பிலிம் 8100, 8200ஐ ஆகியவை எடுத்துக்காட்டு. பெட்டியில் 7200 என்று இருந்தாலும் உண்மையில் 3000க்கு மேல் தருகின்றன. அதுவே 35 மில்லிமீட்டரிலிருந்து 8ஆர் படம் போட மிகையாகும். ஆனால் 35 மில்லிமீட்டர் தவிர வேறெதையும் ஏற்கா. ஒவ்வொரு படமாகக் கையால் நகர்த்த வேண்டும், பொறுமை வேண்டும்.

நான்காவது, பழைய உயர்தரக் கருவிகள். நிக்கான் கூல்ஸ்கேன், மினோல்டா டிமாஜ் போன்றவற்றைப் புகழ்ந்து பேசுவோர் இன்றும் உளர். தரத்தில் ஐயமில்லை. ஆனால் மினோல்டா 2006இல் கேமராத் தொழிலையே விட்டுவிட்டது; நிக்கானும் கூல்ஸ்கேன் தயாரிப்பை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. சில கருவிகளின் இணைப்பு வாய் இன்றைய கணினிகளில் இல்லை. பழுதானால் உதிரிப் பாகம் கிடைப்பதும் அரிது. 1998 முதல் வெளிவரும் வியூஸ்கேன் என்னும் மென்பொருள், தயாரிப்பாளர் கைவிட்ட பல ஸ்கேனர்களை இன்றும் இயக்குகிறது. அதை நம்பி வாங்குவதானால், நம் கருவியின் பெயர் அதன் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தூசியை நீக்கும் வசதிக்குக் கூடுதல் பணம் தரலாமா?

சில கருவிகளில் டிஜிட்டல் ஐஸ் போன்ற ஒரு வசதி இருக்கும். அகச்சிவப்புக் கதிரைப் பிலிமின் ஊடே செலுத்தி, தூசியும் கீறலும் எங்கே உள்ளன என்று கண்டறிந்து, அவ்விடங்களை நிரப்பிவிடும். வண்ண நெகட்டிவின் சாயம் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை, தூசி தடுக்கும். அதனால் வண்ணப் படங்களுக்கு இது மணிக்கணக்கான வேலையை மிச்சப்படுத்தும்.

கறுப்பு வெள்ளை நெகட்டிவிலோ படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பைத் தடுத்துவிடும். கருவி படத்தையே தூசியென்று எண்ணிக் கெடுத்துவிடும். ஆகவே கறுப்பு வெள்ளைக்கு அந்த வசதியை அணைத்துவைக்க வேண்டும். உங்களிடம் இருப்பவை அனைத்தும் கறுப்பு வெள்ளைதான் என்றால் அதற்காகக் கூடுதல் பணம் தருவது வீண். மேலே சொன்ன பிளஸ்டெக் இரண்டில் 8200ஐயில் இது உண்டு, 8100இல் இல்லை.

நான் வாங்கியது

120 வகையே எனக்கு முக்கியம்; வண்ணப் படங்களும் நிறைய உண்டு; 8ஆர் அளவுக்கு மேல் போடும் எண்ணமில்லை. ஆதலால் பயன்படுத்திய எப்சன் வி600 ஒன்றை 300 வெள்ளிக்கு வாங்கினேன். பழைய கருவி வாங்குவோர் நான்கு காரியங்களைக் கடையிலேயே சரிபார்க்க வேண்டும். பிலிமைப் பிடிக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள் அனைத்தும் உள்ளனவா? மூடியின் விளக்கு எரிகிறதா? கண்ணாடியின் உட்புறம் மங்கலோ பூஞ்சையோ படிந்துள்ளதா? உங்கள் கையிலுள்ள ஒரு நெகட்டிவை அங்கேயே ஸ்கேன் செய்து காட்டுவார்களா? கடைசிக் கேள்விக்கு இல்லையென்று பதில் வந்தால் வேறு கடையைப் பார்ப்பதே நல்லது.

ஸ்கேன் செய்யும் முறை

பருத்திக் கையுறை அணிந்து, பிலிமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ரப்பர் ஊதியால் தூசியை ஊதிவிடுங்கள். பூஞ்சை பிடித்த பிலிமைத் தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சை தின்ற இடத்தில் படப்பூச்சு கரைந்துவிடக்கூடும். அதை அப்படியே ஸ்கேன் செய்து கணினியில் திருத்துவதே பாதுகாப்பு.

மூடியின் உட்புறம் உள்ள வெள்ளைப் பலகையைக் கழற்றினால்தான் விளக்கு வெளிப்படும். பிலிமைச் சட்டத்தில் பொருத்துங்கள். கண்ணாடி மேல் நேரே கிடத்தினால் வளையம் வளையமாக நிழல் விழும். பிலிம் ஓரத்து எழுத்துகளைக் கொண்டு, படம் இடவலமாக மாறிவிடவில்லையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு வெள்ளைக்கு 16 பிட் சாம்பல் நிறம், 2400 டி.பி.ஐ., டிஃப் கோப்பு என வைத்தேன். ஒரு சதுரப் படம் சுமார் 56 எம்.பி. வந்தது. வண்ணத்திற்கு 24 பிட் போதுமானது. 35 மில்லிமீட்டர் படம் ஒன்று சுமார் 23 எம்.பி. டிஃப் கோப்பை மூலமாக வைத்துக்கொண்டு, அதன் நகலில்தான் திருத்தம் செய்ய வேண்டும். ஒரு பிரதி கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வேறு வீட்டில் உள்ள உறவினரிடம் என மூன்றிடங்களில் வைப்பது நல்லது.

வேலை முடிந்ததும் நெகட்டிவை வீசிவிடாதீர்கள். டின்னிலிருந்து எடுத்து, அதற்கென விற்கும் உறைகளில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். நாளை இன்னும் நல்ல கருவி வரலாம். மூலம் நெகட்டிவ்தான், கோப்பு அதன் நகலே.

அந்த ஒரு படம்

அம்மாயியின் நெகட்டிவ் ஏழாவது துண்டில் இருந்தது. ஓரத்தில் வினிகர் வாடை தொடங்கியிருந்தது. படப்பகுதி நன்றாகவே இருந்தது. கறுப்பு வெள்ளையாதலால் தூசி நீக்கும் வசதியை அணைத்துவிட்டு, தூசியை ஒவ்வொன்றாகக் கணினியில் நானே எடுத்தேன். இரண்டு மாலைகள் ஆயின. பக்கத்திற்கு 8 அங்குலம் வருமாறு அச்சிட்டுக் கொண்டுவந்தேன்.

என் தாயார் சன்னல் அருகே அமர்ந்து படத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "தோடு போட்டிருக்காங்க பாரு. அத வித்துட்டுத்தான் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாங்கன்னு இத்தனை வருஷமா நெனச்சிருந்தேன்" என்றார். கிழிந்துபோன பழைய படம் சிறியது. அதில் தோடு தெரிந்ததே இல்லை. 2.2 அங்குல நெகட்டிவில் அது ஏறத்தாழ 60 ஆண்டுகளாக இருந்திருக்கிறது.

அன்பர்களே, ஒரு குடும்பத்திற்கு ஒரு ஸ்கேனர் ஆயுள் முழுதும் தேவைப்படுவதில்லை. அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். வேலை முடிந்ததும் விற்றும்விடலாம். என் கருவி இப்போது என் தங்கை வீட்டில் இருக்கிறது. ஆனால் கடைக்குப் போகுமுன் டின்னைத் திறந்து, அளந்து, எண்ணி, முகர்ந்து பாருங்கள். படத்தில் இருப்பவர் இன்னார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்துவிடுவோமாக.